தடிக்காத ஊசி

வியாழன், காலை 9.40.

திருச்செங்கோட்டில் அந்த லேப்பின் கண்ணாடிக் கதவு நொறுங்கிக் கிடந்தது. உடைத்தவர் வெள்ளியங்கிரி, போர்வெல் போடும் ரிக் லாரி முதலாளி. அவருடைய ஒரே மகள் அகல்யா விடிகாலையில்தான் ஆஸ்பத்திரியில் செத்துப்போயிருந்தாள். இருபத்திரண்டு வயசு. அடுத்த மாதம் கல்யாணம். நெஞ்சு முழுக்கக் காசநோய் என்றார்கள்.

"இவதான் கொன்னா!" லேப் டெக்னீஷியன் சாரதாமணியை நோக்கிக் கையை நீட்டினார். "மூணு வாரத்துக்கு முந்தி காசநோய்க்குன்னு கையில ஊசி போடற மாண்டூ டெஸ்ட் பண்ணி, தடிப்பே இல்லைன்னு எழுதிக் குடுத்தா. ஊசியே போட்டிருக்க மாட்டா. இவளைக் கைது பண்ணாம பொணத்த வாங்க மாட்டோம்!"

கூட வந்த பத்துப் பேரும் ஆமாம் போட்டார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் அவருடைய மச்சினன் மணிமாறன். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், படித்தவர். படித்தவர் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அகல்யாவின் அம்மா ராமாத்தாள் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "போன மாசந்தான சாமி கன்னத்துல சதை வெச்சா... ரவிக்கை அத்தனையும் பிரிச்சு உட்டேனே..."

சப்-இன்ஸ்பெக்டர் பிரபா கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவில்லாத வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினாள். சாரதாமணி மேல் அவளுக்கும் இரக்கம் ஒன்றும் இல்லை.

"ஊசி போட்டியா, இல்லையா?"

"போட்டேனுங்க." சாரதாமணி தன் போனை நீட்டினாள். ஊசி போட்ட உடனே எடுத்த படம், அகல்யாவின் முன்கை. பேனாவால் போட்ட வட்டம், நடுவில் சின்னப் புடைப்பு. "ஆழமா இறங்கிட்டா இப்படிப் புடைக்காதுங்க. இது தோலுக்குள்ளயே நின்னிருக்கு."

"மருந்து கெட்டுப்போயிருந்தா?"

"அதே பாட்டில்ல அன்னிக்கு இன்னும் நாலு பேருக்குப் போட்டேன். ரெண்டு பேருக்கு நல்லாத் தடிச்சுது."

"லேட்டாப் பார்த்தியா?"

"சரியா ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தேன். தடவிப் பார்த்தேன், ஒண்ணுமேயில்ல. தடிக்காட்டியும் நோய் இருக்கலாம்னு ரிசல்ட்லயே எழுதியிருக்கேனுங்க. டாக்டரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரு. கல்யாணப் பொண்ணுக்கு எதுக்குன்னு அவங்க அப்பாதான் கூட்டிட்டுப் போயிட்டாரு."

பகல் 11.30. ஆஸ்பத்திரி.

காசநோய் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "கிருமியோட சண்டை போடற சக்தி உடம்புல இருந்தாத்தான் அந்த ஊசி தடிக்கும். அதை எதுவோ அடக்கி வெச்சிருக்கு. தட்டம்மையா? இல்ல. புதுசாத் தடுப்பூசி? இல்ல. எச்.ஐ.வி.யும் இல்ல."

பிரபா பிணவறைக்குள் போனாள். முகமும் நடு உடம்பும் உப்பி உருண்டிருந்தன. கையும் காலும் குச்சி. கேஸ் தாளில் எடையைப் பார்த்தாள். ஜனவரியில் முப்பத்தொன்பது கிலோ. மார்ச்சில் நாற்பத்தாறு.

வெளியே வந்து, லேப்பிலிருந்து பின்னாலேயே வந்திருந்த கூட்டத்தின் முன் அகல்யாவின் பையைக் கொட்டினாள். சீப்பு, துண்டு, ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்தில் சின்னச் சின்னதாக வெள்ளை மாத்திரைகள். டாக்டர் ஒன்றை எடுத்து, அதில் பதிந்திருந்த எழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரபாவின் காதில் ஒரு வார்த்தை சொன்னார்.

"சாவு விழுந்த இடத்துல பையக் கொட்டறீங்களே, மனுசங்களா நீங்க?" என்று பாய்ந்தார் மணிமாறன்.

"காசநோய் வந்தா உடம்பு உருகும். இவளுக்கு ஏழு கிலோ ஏறியிருக்கு. எல்லாரும் பார்த்தீங்க, எல்லாரும் சந்தோசப்பட்டீங்க. ஏன்னு ஒருத்தரும் கேக்கல." பிரபா பொட்டலத்தை ராமாத்தாளிடம் காட்டினாள். "இதென்னம்மா?"

"சத்து மாத்திரைங்க. பொண்ணு ஒல்லின்னு மாப்ள ஊட்டுல சொன்னாங்க. அதான் என்ற தம்பி மணிமாறன் குடுத்தான்."

"சத்து மாத்திரைய எதுக்குய்யா அட்டையப் பிரிச்சுக் குடுத்த?" பிரபா மணிமாறன் பக்கம் திரும்பினாள். "பேரு தெரியக்கூடாதுன்னுதான? இது ஸ்டீராய்டு. இவ இளைச்சதே காசநோயால. நீ குடுத்தது கன்னத்தை உப்ப வெச்சுது, எதிர்ப்புச் சக்தியப் படுக்க வெச்சுது. அதனாலதான் ஊசி தடிக்கல. உள்ள இருந்த கிருமியும் கேக்க ஆளில்லாமப் பரவிருச்சு. கொன்னது நீ!"

"ஊருல பாதிப் பொண்ணுங்களுக்கு நாந்தான் குடுக்கறேன், எவ செத்தா?" மணிமாறன் அலறினார். "மச்சாந்தான் கல்யாணத்துக்கு நாள் கம்மியா இருக்கு, ரெண்டு ரெண்டாக் குடுன்னாரு! அவரைக் கேளுங்க!"

பத்துப் பேரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள்.

வெள்ளி, காலை 11.00.

மகளை எரித்துவிட்டு ஈரத் தலையோடு லேப்புக்கு வந்தார் வெள்ளியங்கிரி. மணிமாறன் ஸ்டேஷனில் இருந்தார். சாரதாமணி கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டனுங்க, தாயி."

"கொலைகாரின்னு தெருவே கேக்கக் கத்துனீங்க. அதை இனி எந்தத் தெருவுல போயி இல்லைம்பீங்க?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"அந்தப் பொண்ணோட ஒரே ஊட்டுல இருந்திருக்கீங்க. உங்களுக்கும் தொத்தியிருக்கலாம். உக்காருங்க, கைய நீட்டுங்க."

நீட்டினார்.

"ஆட்டாதீங்க," என்றாள் சாரதாமணி, முகத்தைப் பார்க்காமல். "ஊசி தப்பா இறங்கிட்டா, அதுக்கும் என்னையத்தான அடிக்க வருவீங்க."