பதினோரு பிள்ளைகள் போகும் கப்பல்

பன்னிரண்டு இருந்தது.

சுஜாதா மறுபடி எண்ணினாள். கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் பயணிகள் எல்லாரையும் மேல்தளத்தில் நிறுத்தி, ஆபத்து வந்தால் லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளை மட்டும் முன்னால் அழைத்துச் சின்ன ஜாக்கெட்டுகளை மாட்டிவிட்டார்கள். இடமிருந்து எண்ணினாள், பன்னிரண்டு. கடைசியில் நின்ற ஒருவனுக்கு மட்டும் ஜாக்கெட் இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். நடுவில் ஒரு பருத்த ஆள் வந்து மறைத்தார். அவர் நகர்ந்தபோது ஜாக்கெட்டும் பதினொன்று, பிள்ளைகளும் பதினொன்று. வெயிலில் கண் பூத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பதினொன்று என்பது அவள் மெனக்கெட்டுத் தேடிப் பிடித்த எண். நாவலூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ரஞ்சித்குமார் தன் பிழைப்பில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருக்கிறான். ரூமுக்கு ஜன்னல் உண்டா என்பார்கள், மீன் குழம்பு கிடைக்குமா என்பார்கள், பார் எத்தனை மணி வரை என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். அரைப் பரீட்சை லீவில் கப்பலென்றால் பிள்ளைகள் இல்லாமலா? முதலில் காட்டிய கப்பலில் நூற்றுநாற்பது பேர், தண்ணீர்ச் சறுக்கு, மேஜிக் ஷோ. வேண்டாம் என்றாள். அடுத்ததில் தொண்ணூறு. அதையும் தள்ளினாள். கடைசியாக ஒரு பழைய கப்பல். நான்கு நாள், விளையாட்டு இடம் எதுவும் கிடையாது, பெரும்பாலும் ரிட்டயரான பேங்க்காரர்கள்.

"இதுல பதினோரு பசங்க தான் மேடம். மீதியெல்லாம் பெருசுங்க. பேஜாரே இல்ல."

இன்னொரு முறை சரிபார்க்கச் சொன்னாள். பார்த்தான், பதினொன்றுதான். பிள்ளைகள் என்றாலே ஆகாத பொம்பளை போலிருக்கிறது என்று அவன் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். உண்மையைச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

உண்மை இதுதான். போன வருஷம் இதே லீவில் மாமல்லபுரம் கடற்கரைக்கு மகன் குகனைக் கூட்டிப் போனார்கள், அவளும் புருஷன் ஆனந்தனும். ஏழு வயசு. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சிவப்புச் சட்டையாகப் பார்த்து மாட்டிவிட்டாள். மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிற மாசம் அது என்பது அந்த வேளையில் மண்டையில் உறைக்கவே இல்லை. போய் இறங்கினால் கரை முழுக்கச் செவ்வாடை. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய குடும்பங்கள், பெண்கள், பிள்ளைகள், எல்லாம் சிவப்பு. இத்தனை பேர் நடுவில் என்ன ஆகிவிடப் போகிறது, அந்தப் பசங்களோடு விளையாடு என்று அவனை அனுப்பிவிட்டு ஆபீஸ் போனை எடுத்தாள். சம்பளப் பட்டியலில் ஏதோ பிசகு. பேசிக்கொண்டே இருபது நிமிஷம் அந்தச் சிவப்புச் சட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். திரும்பிய பையன் யாரோ.

மறுநாள் சதுரங்கப்பட்டினம் பக்கம் மீன்காரர்கள் குகனைத் தூக்கி வந்தார்கள்.

"நீ பாத்துகினு தானே சுஜா இருந்த?" என்று ஆனந்தன் அங்கே ஒரே ஒரு தடவை கேட்டான். அதற்கப்புறம் வருஷம் முழுக்க அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வருஷம் திரும்புகிற நாளில் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றாமல் கப்பலில் போய்க் குஷால் பண்ணணுமா என்று திருப்போரூரிலிருந்து மாமியார் சரோஜா போனில் அழுதார். சுஜாதா பெட்டியை அடுக்கினாள். அந்தக் கரையில் இருக்க முடியாது, பிள்ளைகளின் கூச்சல் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பெற்ற மகனிடமிருந்து ஓடுகிறோம் என்பதும் தெரிந்தது.

கப்பல் மூன்றரைக்குக் கிளம்பியது. ஐந்து மணிக்கெல்லாம் ஆனந்தன் தலைசுற்றி, வாந்தியெடுத்து, ரூமில் சுருண்டு படுத்துவிட்டான். அவனுக்கு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கிவரப் போனவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். தரைவிரிப்பும் ஏ.சி.யும் மூடிய கதவுகளுமான அந்த நீண்ட வழியில், ரூம் ஸ்பிரே வாசனைக்கு அடியிலிருந்து, கசங்கிய வேப்பிலையும் ஈர மஞ்சளும் கடல் மணலும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்து வந்து, அவள் நடந்தால் கூடவே நடந்து, நின்றால் பக்கத்திலேயே நின்றது. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டுக் காற்று வேண்டுமென்று மேல்தளத்துக்கு ஏறினாள்.

அதுதான் அவள் செய்த தப்பு. கப்பல் தெற்கே போகிறது, வழியில் என்ன வரும் என்று புக் பண்ணும்போது யோசிக்கவே இல்லை. பிள்ளைகளை எண்ணியவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. வலப்பக்கம், மங்கலான கரைக்கோட்டின் மேல், கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் ஒருமுறை சுற்றி அணைந்தது. மாமல்லபுரம்.

டீ நேரமானதால் எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள். பக்கத்து ரூம்காரி சுராயா மட்டும் தன் மகனோடு நின்றிருந்தாள். செங்கல்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். மகன் முபஷ்ஷிர், ஆறு வயசு, வெள்ளை ஜிப்பா. பதினொன்றில் ஒருவன்.

"அக்கா, மஃரிப் நேரம் ஆயிடுச்சு. இவன உள்ள கூட்டினு போனா தொழவே வுட மாட்டான். பத்து நிமிசம் பாத்துக்கறீங்களா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதோடு இன்னொன்றும் இருந்தது, ஒப்புக்கொள்ளவே வெட்கமாக இருந்தது அவளுக்கு. ஒரு பிள்ளையை, ஒரே ஒரு பத்து நிமிஷம், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட மாட்டோமா என்ற நப்பாசை. தலையாட்டினாள். சுராயா படியிறங்கிப் போனாள்.

இந்த முறை கண்ணை நம்பப் போவதில்லை. பையனின் கையை முழுசாகத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். டால்பின் வருமா ஆன்ட்டி, அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாமா ஆன்ட்டி என்று அவன் இழுத்தான். விடவில்லை. கை வலிக்கிறது என்று சிணுங்கினான். பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, உடனே இறுக்கிக்கொண்டாள். அப்புறம் அவன் இழுக்கவில்லை, பேசவுமில்லை. சமத்து என்று நினைத்துக்கொண்டு கரையைப் பார்த்தாள். வெளிச்சம் சுற்றி வந்தது. அணைந்தது. அங்கே இந்நேரம் செவ்வாடைக்காரர்கள் பஸ்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகளை அதட்டி, எண்ணி, ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

கை சில்லிட்டிருந்தது. காற்று, என்றெண்ணினாள். ஈரமாகவும் இருந்தது. வேர்வை. வேப்பிலை வாடை வந்தது. மஞ்சள். மணல்.

பிடி மாறியது.

அவள் கைக்குள் இருந்த சின்ன விரல்கள் மெல்ல நழுவி, அவளுடைய சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் சேர்த்துப் பற்றிக்கொண்டன. குகன் ஒருவன்தான் அப்படிப் பிடிப்பான். நடை பழகிய நாளிலிருந்து அந்த இரண்டு விரல்தான் அவனுக்கு.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் இருக்காது. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

தளத்தின் கோடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. முபஷ்ஷிர். கைப்பிடிக் கம்பியின் இரண்டாவது படியில் ஏறி நின்றிருந்தான். கீழே தண்ணீரில் எதையோ தேடினான். மூன்றாவது படி. இருபது அடி தூரம்கூட இல்லை. ஓடினால் பிடித்துவிடலாம். கூப்பிட்டால்கூடத் திரும்புவான்.

ஓடுவதென்றால் கையை விட வேண்டும். கத்தினால் இது பயந்து போய்விடும்.

விரல்களைப் பற்றியிருந்த கை அவளை இழுக்கவில்லை. இறுக்கவில்லை. எந்தப் பிள்ளையும் அம்மாவைப் பிடிப்பதுபோல லேசாகத்தான் பிடித்திருந்தது. விரலை விரித்தால் போதும். போய்விடும். போன வருஷம் போலவே.

ஐயோ, ஓடு, ஓடு என்றது மனசு. கால் நகரவில்லை. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. அவள்தான் நகரவில்லை.

நான்காவது படி. வயிறு கம்பியின் மேல் சாய்ந்தது.

பின்னால் படியில் செருப்புச் சத்தம். சுராயாவின் குரல், சாதாரணமாக, சிரிப்போடு.

"அக்கா, எம் புள்ள எங்க?"

வெள்ளை ஜிப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் சரிந்தது. என்ஜின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை.

"இங்க தான் கீறான்" என்றாள் சுஜாதா, திரும்பாமலே. "என் கைய புடிச்சுகினு கீறான்."

சொல்லிவிட்டு அந்த இரண்டு விரல்களையும் இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டாள்.