மதகுக்கு வெளியே நண்டுகள்

1992. செவ்வாய்க்கிழமை, காலை 6.40.

பாலிக் புலாவ் கடலோரம். நல்லம்மாளின் மூன்றாம் குளத்தில், நாலு மாதம் வளர்த்த இறால்கள் அத்தனையும் செத்துக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. அவள் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள்.

8.15. ஜார்ஜ்டவுனிலிருந்து இன்ஸ்பெக்டர் யோகலட்சுமி வந்தார். சப்பாத்து நனையாமல் எதையும் நம்பாத பெண்மணி. குளத்தில் இறங்கிப் பார்த்தார். செத்த இறால்களுக்கு நடுவே சின்ன மீன்கள் துள்ளின. மதகுக்கு வெளியே, பாக்காவ் என்று இங்கே சொல்லும் அலையாத்திக் காட்டு வாய்க்காலில், நண்டுகள் வழக்கம்போல ஓடின.

"புகார் யார் மேல?"

"மதகு பாக்குற காமாரியா மேல. பலகையைக் கழட்டி விட்டுட்டா மேடம். காட்டுத் தண்ணி உள்ள வந்து கொன்னுடுச்சு. என் கொழுந்தன் சின்னையா கண்ணால பாத்திருக்கான்."

"காட்டை என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்குக் காட்டைக் கேக்குற கம்பெனி ஆளு வரான். வெட்டிக்கன்னு கையெழுத்துப் போட்டுடுவேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"இத்தனை வருசம் ஏன் வெட்டல?"

"பக்கத்துல வெட்டினாங்க. மூணு வருசம் அள்ளினாங்க, நாலாவது வருசம் நோய் வந்து குளமே காலி. நமக்கு ஏக்கருக்குப் பாதி வெளச்சல்தான். ஆனா எட்டு வருசமா நிக்கல. தண்ணியைக் காடு சுத்தம் பண்ணுது, சம்பளம் கேக்கல. அப்படித்தான் என் வீட்டுக்காரர் சொல்வாரு. அவர் போனப்புறம் நான் பசார்ல விக்கிறதோட சரி. தண்ணி விசயம் எல்லாம் காமாரியா கையில."

8.50. பாதிப் பங்குக்காரன் சின்னையா, ஆயர் ஈத்தாமிலிருந்து காரில் வந்து இறங்கினான்.

"நேத்து எப்ப வந்தீங்க?"

"சாயந்திரம் ஆறு."

"என்ன பாத்தீங்க?"

"மதகுல மேல் பலகை இல்ல. கடல் ஏறி, கறுப்புத் தண்ணி குளத்துல கொட்டுச்சு. நேத்தே இறாலைப் புடிச்சிருக்கணும் மேடம். அஷ்டமியாச்சே, தசமியில புடிக்கலாம்னு நான்தான் தள்ளி வச்சேன். எல்லாம் விதி லா."

9.05. காமாரியா. தகப்பன் தமிழர், தாய் மலாய்க்காரி. குரல் நடுங்கவில்லை.

"பலகையை நான் தொடல மேடம். எதுக்குத் தொடணும்? நேத்து ஆயர் மாத்தி லா."

சின்னையா துள்ளினான். "கேட்டீங்களா! ஆயர்னா தண்ணி, மாத்தின்னா சாவு. தண்ணி செத்துப் போச்சுன்னு அவ வாயாலயே வந்துடுச்சு!"

நல்லம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யோகலட்சுமி திருப்பவில்லை. சின்னையாவையே பார்த்தார்.

9.20. யோகலட்சுமி குளத்தைக் காட்டினார்.

"காட்டுத் தண்ணி கொன்னிருந்தா மீனும் செத்திருக்கும். பூச்சி மருந்துதான் மீனை விட்டுட்டு இறாலையும் நண்டையும் முதல்ல கொல்லும். வெளியே நண்டு ஓடுது. அப்ப மருந்து கடல்ல இருந்து வரல, கரையில நின்னு யாரோ ஊத்தியிருக்காங்க."

"இவதான் ஊத்தியிருப்பா!"

"எங்க அப்பா ஹார்பர்ல கணக்கெழுதுற கிராணி. ஆயர் மாத்தின்னா கடல்காரங்க பேச்சுல செத்த தண்ணி இல்ல, ஏறாத தண்ணி. அரை நிலா நாள்ல கடல் மதகுப் பலகையை எட்டவே எட்டாது. அந்த நாளுக்குத் தமிழ்ல பேரு நீங்களே சொன்னீங்க, சின்னையா. அஷ்டமி."

சின்னையா தன் காரை நோக்கி ஓரடி பின்வாங்கினான்.

"நாள் பாத்தீங்க, நிலாவைப் பாக்கல. வராத தண்ணியைப் பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தான். காடி பூட்டைத் திறங்க."

காரின் பின்பெட்டியில் இரண்டு காலிப் பூச்சி மருந்து டின்கள் உருண்டன.

"அண்ணி... காட்டை வெட்ட நீங்க ஒத்துக்க மாட்டேன்னீங்க. கம்பெனிக்காரன்கிட்ட நான் முன்பணம் வாங்கிட்டேன்..."

நல்லம்மாள் அவனைத் தாண்டி நடந்தாள். வேலியே பயிரை மேய்ந்தால் வேலியோடு என்ன பேச்சு? காமாரியாவிடம் போய் நின்றாள்.

"உம்மேல எழுதிக் கொடுத்துட்டேன் புள்ள. மன்னிச்சுக்க."

காமாரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணியை வெளியேத்தவா அக்கா? சீக்கிரம் கழுவினா அடுத்த போகத்துக்குக் குஞ்சு விடலாம்."

நல்லம்மாள் மதகைப் பார்த்தாள். அதற்கு வெளியேதான் காடு.

"திறக்காதே. இந்த விசம் அங்க போகக் கூடாது. ஒரு போகம் குளம் சும்மா கிடக்கட்டும்."