சுத்தமான கழுத்து

மகள் தனுஜாவின் கழுத்தில் ஒரு அழுக்கும் இல்லை. படத்தில் மட்டும் இருந்தது.

செல்லப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். லெப்டொப் திரையில், காதுக்குக் கீழே, விரல் அகலத்தில் ஒரு கறுப்பு. அட, நிழலாக இருக்கும். கட்டுகஸ்தோட்டையில் மழை வந்தால் மத்தியானம் மூன்று மணிக்கே வீட்டுக்குள் இருட்டுக் கட்டிவிடுகிறது. மகளை மறுபடி ஜன்னலோரம் உட்கார வைத்து இன்னொன்று எடுத்தார். அதில் கறுப்பு இரண்டாகியிருந்தது.

"என்னப்பா, இன்னும் முடியலயா? மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னைக்கே அனுப்பணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீ போய் தேத்தண்ணி போடும்மா. நான் சரியாக்கிடுறேன்."

மனைவி போனபின் அவருக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான். நகரசபை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரிடம் கமராவைக் கொடுத்து, "பழையபடி படம் பிடிங்கப்பா" என்று எழுப்பிவிட்டவளும் இவள்தான்.

சரியாக்குவது என்ன பெரிய வேலையா அவருக்கு? இளம் வயதில் கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் அதுதானே தொழில். பரு, தழும்பு, சுருக்கம், எதுவானாலும் நெகட்டிவில் பென்சிலால் தடவித் தடவி இல்லாமலாக்கிவிடுவார். இப்போது பென்சிலுக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான். முதல் கறுப்பைத் துடைத்தார். சுத்தமாகப் போயிற்று.

அடுப்படியில் தனுஜா இருமினாள்.

படத்தைப் பெரிதாக்கினார். துடைத்ததன் பக்கத்தில் இன்னும் நாலு இருந்தன. மூன்று இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஒன்று, தடித்து, பெருவிரல் போல. ஈர மண் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து வந்தது. வீட்டில் யாரும் ஊதுபத்தி கொளுத்தவில்லை.

இந்தத் தடத்தை அவருக்குத் தெரியும்.

நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துச் சுகிர்தா. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தி, அவள் சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தமெல்லாம் நிற்க எடுத்த சாவு வீட்டுப் படம். "கழுத்த மட்டும் கொஞ்சம் சுத்தமாக்கிடுங்கண்ணே," என்றான் புருஷன். விரல் தடம் என்று தெரிந்துதான் துடைத்தார், பாவி! கைவேலையைக் காட்டுகிற திமிர், வேறென்ன. புதைத்தபின் தாய் சுப்பம்மா பொலிசுக்குப் போனாள். அத்தாட்சி கேட்டார்கள். அவளிடம் இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். அதில் ஒன்றுமே இல்லை.

அவள் ஸ்டூடியோவுக்கு வந்து அழக்கூட இல்லை. "ஒன் கையி நாசமாப் போகணும்னு சொல்ல மாட்டேன்," என்றாள். "நல்லா இருக்கணும். ஒனக்கொரு பொம்பளப்புள்ள பொறந்து, வளந்து, கல்யாணத்துக்கு நிக்கிற வரைக்கும் அந்தக் கையி நல்லா இருக்கணும்."

செல்லப்பா மவுஸை விட்டார். விட நினைத்தார். விரல்கள் பிரியவில்லை. கை தானாக நகர்ந்து இரண்டாவது கறுப்பைத் துடைத்தது, அவசரமே இல்லாமல், ஓரம் தெரியாமல்.

அடுப்படியில் கோப்பை விழுந்து உடைந்தது.

"தனுஜா!"

இடக்கையால் லெப்டொப்பை மூடப் பார்த்தார். வலக்கை மவுஸோடு வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டது. எழுந்தார். வலக்கை மேசையோடு ஆணி அடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது போயிற்று.

தனுஜா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கழுத்தில் கருநீலமாக மூன்று விரல்.

"அம்மா சுப்பம்மா, நான் செஞ்சதுதான்! என்னை எடுத்துக்கோ! அவ ஒண்ணும் அறியாத புள்ள!"

நாலாவது.

மகள் அவரைப் பார்த்தாள். அப்பா ஏதாவது செய்வார் என்றுதான் பார்த்தாள்.

பெருவிரல்.

வாசலோரக் கதிரையைப் பிடித்தபடியே தனுஜா சாய்ந்தாள். பிறகு மழைச் சத்தம் மட்டும்.

திரையில் கழுத்து பளிங்காக இருந்தது. மேலே, சற்று முன் திறந்திருந்த கண்கள் மூடியிருந்தன. அவர் கை இருக்கிறதிலேயே சின்ன பிரஷைத் தேடி எடுத்து, அந்தக் கண்களைத் திறந்து வரையத் தொடங்கியது.