இலை கிள்ளியவன்

தன் மரத்தின் மேல் முன்பின் தெரியாத ஒருவன் ஏறி நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? சானாயேவுக்கு வந்தது. சும்மாவே மூக்கின் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவள் அவள்...

மலையிலிருந்து தூறல் இறங்கிக்கொண்டிருந்த காலை. ஓடைக்கரை ஆப்பிள் வரிசையில் மூன்றுகால் ஏணி போட்டு, எவனோ இலைகளைக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். ஈரப் புல் முழுவதும் பச்சை இலைகள்.

"யோவ்! இறங்குய்யா கீழ!"

அவன் திரும்பினான். இமைகளில் மழைத்துளி... அதற்குள் இரண்டு பெரிய கண்கள்... சிரித்தே விட்டான், பாவி!

"வாங்க! இன்னும் ஒரே ஒரு மரம்தான் பாக்கி. முடிச்சிட்டே இறங்கிடறேனே?"

"என்னத்த முடிக்கற?"

"இலை கிள்ளறதத்தான். ஊர் பூரா கிள்ளி முடிச்சாச்சு. இந்த வரிசை மட்டும் அப்படியே கெடந்துச்சு. இந்த வீட்டுப் பெரியவர் ஏணியிலேருந்து விழுந்துட்டார்னு மாமா சொன்னாரு. சரி, சத்தமில்லாம ஒரு கை குடுப்போம்னு விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்..."

அவன் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. எங்கள் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம் வந்தால், பழத்தை மறைக்கும் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிவிடுவோம். வெயில் சுற்றிப் பட்டால்தான் பழம் முழுக்கச் சிவக்கும். சிவந்த பழத்துக்குத்தான் முதல் தரப் பெட்டி. இலையோடு ஒரு வரிசை நின்றால், அந்த வீட்டில் ஆள் இல்லை என்றுதான் எங்கள் ஊரில் எவனும் நினைப்பான். இரக்கப்படவும் செய்வான்.

ஆனால் சானாயே வேண்டுமென்றே விட்ட இலைகள் அவை! இலைதானே பழத்துக்குச் சோறு போடுகிறது? இலையை விட்டால் பழத்தில் மஞ்சள் திட்டு விழும், ருசி ஏறும். அதைவிட முக்கியம், மாதக்கணக்கில் ஏணியில் தொங்க வேண்டாம். போன வருடம் அப்பா தோகுஜி அந்த ஏணியிலிருந்து விழுந்துதான் இடுப்பை ஒடித்துக்கொண்டார். இந்த வருடம் மற்ற வரிசைகளைக் கிள்ளி முடிப்பதற்குள்ளேயே நொந்துபோனாள். இனி அவள் ஒருத்தியால் தோட்டம் முழுக்க இலை கிள்ள முடியாது. "இந்த ஒரு வரிசையில செஞ்சு காட்டும்மா. ஊர்க்காரங்க ருசி பாத்து ஏத்துக்கிட்டா தோட்டம் நம்மகிட்ட. இல்லாட்டி பக்கத்துத் தோட்டத்து இவாவோகிட்ட குத்தகைக்கு விட்டுடலாம்" என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

அந்த வரிசையைத்தான் இந்த மகராசன் மொட்டையடித்திருக்கிறான்.

"உதவியா? உன்னை எவன்யா உதவி கேட்டான்?" அவள் ஏணியைப் பிடித்து உலுக்கினாள். "யாரு உன் மாமா?"

"இவாவோங்க. பக்கத்துத் தோட்டம். நான் அவரோட அக்கா பையன், ஷுன்பே..."

இவாவோ! பழம் தரம் பிரிக்கும் கொட்டகையின் தலைவர். இந்தத் தோட்டத்தின் மேல் கண் வைத்திருப்பவர். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. சானாயே விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. கையில் இருந்த இலையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்... அசடு!

மறுநாள் வாசலில் வந்து நின்றான். தப்புச் செய்தால் இனிப்புப் பெட்டியோடு வந்து குனிந்து நிற்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். இரண்டு கையாலும் பெட்டியை நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தான்.

"இதுக்குள்ள என்ன இருக்கு? இலையா?"

"பயத்தம்பருப்பு இனிப்புங்க..."

"அப்ப நீயே தின்னு!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே அப்பா முனகினார். "பையன் நல்லவனாத்தாம்மா தெரியறான்..."

"நீங்க சும்மா இருங்கப்பா!"

மிச்சம் நின்றது அந்த ஒரே மரம். மாமாவின் தோட்ட வேலை முடிந்ததும் தினமும் சாயங்காலம் ஷுன்பே அங்கே வந்துவிடுவான். கிளைகளுக்கு முட்டுக்கொடுப்பான். குரங்கு வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டுவான். அவள் அவனோடு பேசவில்லை. திட்டினாள், அவ்வளவுதான்.

"முட்டுக்கொடுக்கற லட்சணமா இது? கிளை முறியறதுக்கு ஏற்பாடா?"

"எப்படின்னு காட்டுங்க... கத்துக்கறேன்."

"உனக்குப் பாடம் எடுக்கறதுதான் என் வேலையா?"

ஆனாலும் காட்டிக்கொடுத்தாள். கயிற்றில் அவன் விரல் அவள் விரல் மேல் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்... 'சே, இவனோட கண்ணு ஏன் இப்படி மழை நின்ன வானம் மாதிரி இருக்கு? கோபமா நாலு வார்த்தை பேச முடியுதா!'

பெருங்காற்றும் மழையும் அடித்த ஒரு நாள், அவன் நனைந்துகொண்டே மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றான். சானாயேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்த ஒயாகி இரண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே கத்தரிக்காயும் புளித்த சோயா விழுதும், வெளியே கருகின மாவும். ஆவி பறந்தது.

"தின்னு. பட்டினியில நீ இங்க விழுந்தா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்!"

அவன் கடித்தான். நாக்கு வெந்து போயிற்று. கண்ணில் நீரோடு, "ரொம்ப... நல்லா இருக்குங்க..." என்றான். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து அவள் திரும்பி நடந்தாள்.

முதல் உறைபனி விழுந்த வாரம், பறித்த பழத்தைத் தரம் பார்க்கக் கொட்டகையில் ஊர் கூடியது. இவாவோ சானாயேவின் அந்த ஒற்றை மரத்துப் பழத்தை எடுத்து விரலில் உருட்டினார்.

"என்னம்மா இது? அம்மை போட்ட மூஞ்சி மாதிரி?"

ஊரே சிரித்தது. ஓரத்தில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த அப்பா தலை குனிந்தார். அவர் தலை குனிந்ததைப் பார்த்தாளே, அவ்வளவுதான்!

"இவாவோ ஐயா! நீங்க ஆப்பிளைத் தோலோடவா திங்கறீங்க?"

"தோலை எவன் தின்பான்?"

"உங்க வீட்டுல தின்பாங்களா? வாங்கறவங்க வீட்டுல தின்பாங்களா? எல்லாரும் சீவி எறியறோம்! எறியற தோலு சிவக்கறதுக்கா எங்கப்பா இடுப்பு ஒடிஞ்சுது?" குரல் உடைந்தது. உடைந்தாலும் விடவில்லை. "உங்க பழத்தையும் என் பழத்தையும் சீவுங்க. சீவித் தின்னு பாத்துட்டு அப்புறம் சிரிங்க!"

சிரிப்பு நின்றது. இவாவோவுக்கு மீசை துடித்தது. "டேய் ஷுன்பே, நீயே சீவுடா! திரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சீவி, ரெண்டு தட்டுல கொண்டா. என் பழத்தை நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்!"

இரண்டு தட்டுகள் வந்தன. தோலில்லாத வெள்ளைத் துண்டுகள்... எது எவருடையது என்று ஷுன்பே ஒருவனுக்குத்தான் தெரியும். இவாவோ முதல் தட்டில் ஒன்றைத் தின்றார். தலையாட்டினார். இரண்டாவது தட்டில் ஒன்றைத் தின்றார். மென்றுகொண்டே இருந்தார். கை தானாக இன்னொன்றை எடுத்தது.

"இதுதான் என்னுது! தேனு! இந்த ருசி வேற எந்த மண்ணுல வரும்?"

மற்றவர்களும் தின்றார்கள். அந்தத் தட்டுதான் ருசி என்று எல்லோரும் சொன்னார்கள். தோற்றுவிட்டோம் என்றே சானாயே நினைத்தாள். எல்லாக் கண்களும் ஷுன்பேயின் மேல்.

அவன் லேசாகத் தலையாட்டினால் போதும். பிள்ளையில்லாத மாமாவின் தோட்டம் நாளைக்கு அவனுக்குத்தான். சானாயேவின் தோட்டமும் சேர்த்து.

"மாமா... அது சானாயே மரத்துப் பழம்."

ஒரு கிழவர் எழுந்து வந்து அந்தத் தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தார். அடுத்தவரும் எடுத்தார். தட்டு காலியாயிற்று. அப்பா கைத்தடியை ஊன்றி எழுந்து, ஊர் கேட்க, "அடுத்த வருஷம் என் தோட்டத்துல ஒரு இலை கிள்ள மாட்டோம்" என்றார்.

"ஊர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியேடா! என் வாசப்படி மிதிக்காத!" இவாவோவின் கத்தல் மலை வரை கேட்டது.

சானாயே அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினபோது ஷுன்பே இல்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். குட்டி லாரியைத் திருப்பினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பேருந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. அவன் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான்.

"எங்க போற?"

"தெரியல... வேலை இருக்கற ஊருக்கு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல?"

"உங்களுக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாதே..."

"ஆகாதுதான்! தினமும் உன்னைத் திட்டறதுக்கு வார்த்தை தேடித் தேடியே எனக்குத் தூக்கம் போச்சு. சாயங்காலம் நீ வரக் கொஞ்சம் தாமதமானா, திட்ட ஆளில்லையேன்னு வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கறேன். இது என்னன்னு உனக்குத் தெரியுதா, இல்லையா?"

அவன் படியிலிருந்து இறங்கினான். அந்தப் பெரிய கண்கள் அவளைப் பார்த்தன... இந்த முறை அவள் திரும்பிக்கொள்ளவில்லை.

"தெரியுது. எனக்கும் அதேதான்... ஏணியை நீங்க உலுக்கின அன்னிலேருந்து. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, சானாயே. ரொம்ப..."

"அதை இவ்வளவு நாள் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

ஓட்டுநர் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தார். சானாயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் பையைப் பிடுங்கி லாரியில் எறிந்தாள். பிறகு பேருந்தைப் பார்த்துக் கத்தினாள்:

"என்ன சும்மா அடிச்சிக்கிட்டு? நீங்க போங்க! இவர் வரல!"