தரையில் பேராசிரியர், குப்பியில் அமிலம்!

"வீ...ல்!"

ரிம்மாவின் அலறல் மூன்றாவது மாடியில் புறப்பட்டு, வாசல் காவலாளியின் தேநீரைக் கொட்டவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

ஆய்வறைத் தரையில் பேராசிரியர் கென்ரிக் ல்வோவிச்.

பிணமாக!

முகம் மட்டும் ரோஜா நிறம். பத்து வருடங்களில் அவர் இவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்ததே இல்லை.

நோவோசிபிர்ஸ்க். ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்து நான்கு. ஜன்னல் இடுக்குகளில் அக்டோபரிலேயே ஒட்டிய காகிதப் பட்டைகள்... எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்திவிட்டால் காற்று வெளியேற வழியே இல்லை.

போலீஸ் கேப்டன் புர்மாத்தோவா தன் ரோமத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ரோஜா முகம்னா கார்பன் மோனாக்சைடுதான். வாசனையே இல்லாத எமன். இதை வச்சு இங்க என்னம்மா பண்றீங்க?"

"அமிலம் பண்றோம், கேப்டன்..." ஆராய்ச்சி மாணவி ரிம்மா விசும்பினாள். "ஜியோலைட்னு ஒரு வெள்ளைத் தூள். அது மேல ஆல்கஹாலையும் இந்த வாயுவையும் சேர்த்து விட்டா, ரெண்டும் ஒட்டிக்கிட்டு அமிலமா வெளிய வரும்."

"சிலிண்டர் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, துணை இயக்குநர்கிட்ட ஒண்ணு. ஆளுக்கொரு சிலிண்டர்."

துணை இயக்குநர் வலேரியன் பாவ்லோவிச் தொண்டையைச் செருமினார். கோட்டில் சுருக்கம் இல்லை. கண்ணில் ஈரமும் இல்லை.

"ரெண்டுமே காலி, கேப்டன். என்னோடது எங்க போச்சுன்னு காட்டறேன். நேத்து பகல் முழுக்க நானே உலையை ஓட்டினேன். இதோ, அமிலம்!" குப்பியை நீட்டினார். "அவளோடது எங்கன்னு அவளையே கேளுங்க."

"என் சோதனை தோத்துப்போச்சு... வாயு எல்லாம் எக்ஸாஸ்ட்ல போயிடுச்சு..."

"அடடா, சௌகரியமா இருக்கே! முந்தாநாள் அவரோட சண்டை வேறயாமே?"

"ப்ரொஃபசரோட சண்டை போடாத மாணவி யாரு, கேப்டன்?"

"மத்தவங்க ப்ரொஃபசர் எல்லாம் உயிரோட இருக்காங்களே!"

கைவிலங்கு கிணுங்கியது. பதினைந்து வருடம் உள்ளே...

ரிம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஒரு நிமிஷம்! அந்தக் குப்பியைச் சாய்ங்க!"

கேப்டன் சாய்த்தாள்.

தளக்... தளக்...

"ஓடுது, கேப்டன்!"

"பின்ன, நடக்குமா?" வலேரியன் இளித்தார்.

"நாங்க பண்ற அமிலம் முப்பத்தஞ்சு டிகிரிக்குக் கீழ மெழுகு மாதிரி இறுகிடும். இந்த அறை பத்தொன்பது டிகிரி!"



கேப்டன் மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள்.

"அட! ஞாயித்துக்கிழமை பெல்மெனிக் கொழுக்கட்டை மேல நான் ஊத்திக்கிற வினிகர்! அப்ப உங்க சிலிண்டர் எங்கய்யா காலியாச்சு?"

வலேரியனின் சுருக்கமில்லாத கோட்டுக்குள் வியர்வை பெருகியது.

"அமிலம்னா... எல்லாம் ஒண்ணுதானேன்னு..."

"இந்த அமிலத்தைப் பத்தி பதினேழு கட்டுரை வந்திருக்கு, கேப்டன்," ரிம்மா மூச்சு வாங்கினாள். "கை வைக்காமலே எல்லாத்துலயும் முதல் பேர் இவரோடது. இனிமே போட மாட்டேன்னு நேத்துதான் ப்ரொஃபசர் சொல்லிட்டார்!"

க்ளிக்!

விலங்கு இப்போது வேறு மணிக்கட்டில்.

"ஏன் சார்," கேப்டன் கேட்டாள், "கொலை பண்றதுக்கு முன்னாடி, நீங்க எழுதினதுல ஒண்ணையாவது படிச்சிருக்கக் கூடாதா?"