வணிகக் கல்லூரியில் ஒரே ஓர் இடம்

தொப்பூர் வந்ததும் பஸ் இருமி இருமி நின்றுபோனது.

யுத்த காலம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் முதுகில் கட்டிய அடுப்பில் கரி எரிந்தால்தான் வண்டி நகரும். அன்றைய சாரலில் அந்த அடுப்பு அணைந்துவிட்டது.

“ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க!” என்றார் கண்டக்டர்.

மாதேஸ்வரனுக்கு அழுகையே வந்தது. இருபது வயதில், இரண்டாம் முயற்சியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். இன்று சேலத்தில், சென்னை வணிகக் கல்லூரி ஒன்றுக்கு நேர்காணல். ஜில்லாவுக்கே ஒரே ஓர் இடம்! தருமபுரியில் புளி மண்டி வைத்திருக்கும் அப்பா இதற்கென்றே தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டு அவன் மேல்...

தள்ளினான். முன்னால் கணவாய் இறக்கம் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. பஸ் குபீரென்று உருண்டு ஓட, பின்னாலேயே ஓடினான். வளைவில் எட்டிப் பிடித்து ஏறியபோது கோட்டு முழுக்கக் கரி.

ஜன்னலோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

திரும்பினான். ஒரு பெண். பத்தொன்பது வயதிருக்கும். மழையில் நனைந்த நாவல்பழம் போல இரண்டு கண்கள்... கோபப்பட வந்தவனுக்குக் கோபம் எதற்கென்று மறந்துபோனது.

“என்னங்க சிரிப்பு? நான் காலேஜ் இன்டர்வியூவுக்குப் போறவன்.”

“கரி யாவாரக் காலேஜுங்களா?”

பக்கத்தில் அவள் அப்பா, தருமபுரி போஸ்ட் மாஸ்டர் நஞ்சப்பன், தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில் நெஞ்சை நிமிர்த்தினான்.

“காமர்ஸுங்க. எடம் எனக்குத்தான்.”

“அப்படிங்களா... வாணிபம்னா என்னன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“புளி வாங்கிப் புளி விக்கறதுங்க.”

மறுபடியும் அந்தச் சிரிப்பு. “எங்க எது மிச்சம், எங்க எது கொறைச்சல்னு மொதல்ல தெரிஞ்சுக்கறதுன்னு சொல்லுங்க.”

அடேயப்பா, என்ன கெட்டிக்காரி! “நீங்க சேலத்துக்கு எதுக்குங்க?”

“அதே இன்டர்வியூவுக்குத்தாங்க.”

அவனுக்குப் பகீரென்றது. “பொம்பளைங்களுக்கு எதுக்குங்க காமர்ஸு?” என்று வாய் முந்திக்கொண்டது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நஞ்சப்பன் கண் விழித்து, “தீர்த்தம்மா, சேலம் வந்துடுச்சா?” என்று கேட்கும்வரை அந்த முகம் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான். “வாணிபம் என்றால் என்ன?”

அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். எதிரே இருந்த மூன்று பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

“பலே! நீயே யோசித்ததா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்... ஆனால் கதவுக்கு வெளியே பெஞ்சில் அந்தக் கண்கள் உட்கார்ந்திருந்தனவே!

“இல்லீங்க. வெளியில உக்காந்திருக்கற தீர்த்தம்மா சொன்னதுங்க. என்னோட பதிலு வெறும் புளிதாங்க.”

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வந்தபோது தீர்த்தம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்... காலையில் பார்த்த பார்வை அல்ல அது.

இருபது நாளில் கடிதங்கள் வந்தன. இடம் தீர்த்தம்மாளுக்கு. அவள் சேராவிட்டால் மாதேஸ்வரனுக்கு; காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.

அப்பா துள்ளிக் குதித்தார். “அந்தப் பொண்ணுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சுட்டா எடம் நம்முளுது! நல்ல மாப்ளையா ஒருத்தனப் பாத்து, போஸ்ட் மாஸ்டர்கிட்டச் சொல்லுடா!”

மாதேஸ்வரன் போனான். தபாலாபீஸ் வாசலில் தீர்த்தம்மாளே நின்றிருந்தாள். உள்ளே நஞ்சப்பன் முத்திரை குத்தும் சத்தம்.

“எங்கப்பா உங்களுக்கு மாப்ள பாக்கச் சொன்னாருங்க.”

அவள் முகம் சிவந்தது. “எடத்துக்காகத்தானே?”

“ஆமாங்க.”

“பாத்துட்டீங்களா?”

“பாத்தேங்க... ஒருத்தன்தான் கெடைச்சான். கொஞ்சம் மக்குங்க. ஆனா பொய் சொல்ல வராது.”

முத்திரைச் சத்தம் நின்றது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நான் படிக்கத்தான் போவேன்.”

“போயிட்டு வாங்க. எத்தன வருசமானாலும் நான் காத்திருக்கறேன்.”

“எடத்துக்கா?”

“எடத்த யாருங்க கேட்டா? உங்களுக்குங்க...”

உள்ளிருந்து நஞ்சப்பனின் குரல் வந்தது. “ஏன் தம்பி, அந்தக் காத்திருக்கற பட்டியல்ல வேற பேரு ஏதாச்சும் இருக்குதா?”

“இல்லீங்க மாமா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மாதேஸ்வரன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடப் பார்த்தான்.

“நில்லுங்க...” என்றாள் தீர்த்தம்மாள். தலை குனிந்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக வந்தது. “என் பேரையும் அதுல சேத்துக்கோங்க.”