நாயின் பல்லில் ஒரு நூல்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம்.

தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால், ரப்பர் பால் வாளி கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலில் அந்தச் செவலை நாய் செத்துக் கிடந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. வாய் பிளந்திருந்தது. அதைப் பார்த்ததும் அங்கம்மாவின் கெண்டைக்காலில் கட்டுப் போட்டிருந்த இடம் மறுபடியும் விண்ணென்று தெறித்தது.

"இதேதான் ஐயா. என்னையக் கடிச்சது இதேதான்."

"கிட்டப் போகாதை, பிள்ளை. அங்கையே நில்லு."

சொன்னவர் தோட்டத்து டிரசர் சிவசம்பு. யாழ்ப்பாணத்துக்காரர். ரெங்கம் ஸ்டேஷனுக்கு அடுத்திருந்த பாலத்து ரப்பர் தோட்டத்தில் பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரிக்கு அவர்தான் எல்லாம். ஒல்லியான மனிதர், மூக்கில் நழுவும் கண்ணாடி. காய்ச்சல் மாத்திரை கொடுக்கிறவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அங்கம்மா அன்றுவரை ஒன்றும் நினைத்ததில்லை. மதியத்துக்குள் அந்த எண்ணம் தலைகீழாகப் போகிறது என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

1931ஆம் வருடம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த நேரம். மாதம் ஒரு கப்பலில் வேலையில்லாத ஆட்களைக் கடல் தாண்டி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் யாருக்கு என்ன வந்தாலும் வாயைத் திறப்பதில்லை. நோயாளி என்று பெயர் எழுதிவிட்டால் அடுத்த கப்பலில் நாம்தான் என்று கூலியாட்கள் குடியிருந்த லயம் முழுக்க ஒரு பயம்.

அங்கம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் ஏழு இருபதுக்கு மேட்டு மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது நாய் பாய்ந்து கடித்ததும், வாளியைப் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினாள். சுண்ணாம்பு வை, வெங்காயம் வை என்று பக்கத்து நிரையில் கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. நாய்க்கடிபட்ட ஒருவர் தண்ணீரைக் கண்டு மிரண்டு மிரண்டு சாவதைச் சிறு வயதில் பார்த்தவள் அவள். டிரசர் கால் மணி நேரம் சோப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவிக் கழுவி, அதன்பிறகுதான் மருந்தைத் தொட்டார்.

இப்போது அவர் நாயின் பக்கத்தில் குந்தி, கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, கழுத்து ரோமத்தை விலக்கினார்.

"கயிறு உரசின தடம். இது ஆரோ கட்டி வளத்த நாய்."

இடுக்கியால் வாயைத் திறந்தார். உள்ளே மண்ணும் மரச் சிராய்களும்.

"கண்டதையும் கடிச்சிருக்கு. விசர் நாய்தான். தலையை ஐஸில வைச்சு அனுப்பினால் ஜொகூர் பாருவில பாத்துச் சொல்லுவினம். நீ காலமை என்னட்டை என்ன சொன்னனீ, பிள்ளை? திருப்பிச் சொல்லு."

"என்னையக் கடிக்கிறதுக்கு முன்னாலயே அது வாயில ரத்தம் இருந்துச்சுன்னு சொன்னேன், ஐயா."

"அதுதான்."

கடைவாய்ப் பல்லிடுக்கிலிருந்து இடுக்கி ஒரு நூலை இழுத்தது. சாம்பல் நிறம், கம்பளி நூல், விரல் நீளம். டிரசர் அதைத் தண்ணீரில் அலசி இரண்டு முனையையும் பிடித்து நீட்டினார். விட்டதும் அது சுருள் சுருளாகச் சுருங்கிக்கொண்டது. மறுபடி நீட்டினார். மறுபடி சுருண்டது. அதை ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் போட்டார்.

"கடிபட்டது ரெண்டு பேர். ஒராள் நீ. மற்றாள் வாயை மூடிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்குள்ளதான் நிக்குது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில ஊசி இருக்கு. பதினாலு நாள் போட்டால் பிழைக்கலாம். விசர் நோய் வெளியில தெரிஞ்ச பிறகு இந்த உலகத்தில மருந்தே இல்லை."

"ரயில் எப்ப, ஐயா?"

"ஒண்டு நாப்பது. நான் உன்னோடை போகவேணும். போனால் திரும்ப மூண்டு நாள் ஆகும். அதுக்குள்ள இஞ்ச தேடிறதுக்கு ஆளில்லை."

"பதினோரு மணிக்குப் பால் நிறுக்க எல்லாரும் வருவாங்க, ஐயா," என்றாள் அங்கம்மா.

பதினோரு மணி.

பால் நிறுக்கும் நேரம். தோளில் காண்டாக் கம்பும் அதில் தொங்கும் வாளிகளுமாகத் தோட்டமே ஸ்டோர் வாசலில் வரிசை கட்டி நின்றது. பெரிய கங்காணி சபாபதி தூணில் சாய்ந்தபடி அதட்டிக்கொண்டிருந்தார். அவர் குரலுக்குப் பால் உறைந்துவிடும் என்று பெண்கள் கேலி பேசுவதுண்டு. அவர் காதில் விழாத தூரத்தில் மட்டும்.

"கையக் காட்டு! பாவாடையத் தூக்கு, காலக் காட்டு! டிரசர் ஐயா பாக்கணும். அடுத்த ஆளு!"

நூற்று அறுபது பேர். முந்நூற்று இருபது கால். டிரசர் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். அட்டைக் கடி, முள் குத்து, பழைய புண். நாய்ப் பல் எதிலும் இல்லை.

கங்காணி வெள்ளை வேட்டியைப் பாதம்வரை இறக்கிவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டுக்கு மாரியம்மன் பூசை. அதற்காக வேளையோடு உடுத்திக்கொண்டார் போலிருக்கிறது என்று அங்கம்மா நினைத்தாள். நினைத்ததை உடனே மறந்தும் போனாள்.

"எல்லாம் சுத்தம்," என்றார் கங்காணி. "நாய் எதாச்சும் கோழியக் கடிச்சிருக்கும்."

"காலமை நீங்கள் நாயைக் கண்டனீங்களோ?"

"இல்ல."

"லயத்தில ஆரும் நாய் வளக்கினமோ?"

"ஒண்ணுகூடக் கிடையாது. சர்க்கார் உத்தரவு வந்தன்னைக்கே எல்லாத்தையும் அடிச்சாச்சு. தொரைகிட்ட நானே வாக்குக் குடுத்தேன்."

"அப்ப இது?"

"எங்கேயிருந்தோ வந்திருக்கும். நமக்கெப்படித் தெரியும்?"

டிரசர் தலையாட்டினார். ஆயாக்கொட்டகைக்குப் போய் லயத்துப் பிள்ளைகளையும் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை.

பதினொன்று நாற்பது.

ரயிலுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த அங்கம்மா, கொடியில் கிடந்த கம்பளியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தோட்டத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளி. அதன் ஒரு மூலை கிழிந்து நூல் தொங்கியது.

அவள் புருஷன் கனகராஜ் மாட்டுவண்டிக்காரன். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ரெங்கம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். விடியற்குளிரில் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் மாட்டை அவிழ்க்கப் போனான். பதினோரு மணி வரிசையில் அவன் இல்லை. அவன் காலை யாரும் பார்க்கவில்லை.

சொன்னால் புருஷன் பெயரை எழுதுவார்கள். ஒரே வீட்டில் இரண்டு நோயாளி, கப்பல் நிச்சயம். சொல்லாவிட்டால்? தண்ணீரைக் கண்டு மிரண்ட அந்த முகம் கண்முன் வந்து நின்றது. கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினாள்.

பன்னிரண்டு பத்து.

"ஐயா, எங்க வீட்டுக் கம்பளி கிழிஞ்சிருக்கு. அவரு சொல்லல. பயந்துட்டாரு போல. பேர எழுதிக்குங்க, பரவால்ல. ஆள் இருந்தாப் போதும்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

டிரசர் அவளை உட்காரச் சொன்னார். கம்பளியிலிருந்து ஒரு நூலை உருவி மேசைமேல் வைத்தார். அது லேசாக நெளிந்து, ஏறக்குறைய நேராகக் கிடந்தது. சீசாவிலிருந்த நூலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அது மறுபடியும் சுருண்டுகொண்டது.

"அழாதை. உன்ரை மனுசனை நாய் தொடேல்லை. இந்தக் கம்பளி மாட்டுக் கொம்பிலயோ ஆணியிலயோ கிழிஞ்சிருக்கும்."

"எப்படி ஐயா சொல்றீங்க?"

"கம்பளி தறியில நெய்தது. அந்த நூல் குறுக்கும் நெடுக்கும் போகும்; உருவினால் இப்படித்தான் கிடக்கும். மற்றது ஊசியால பின்னினது. வளையம் வளையமாப் போட்ட நூல். பிச்சாலும், நனைச்சாலும், தான் இருந்த வளையத்தை மறக்காது."

அங்கம்மா அந்த விரல்நீள நூலைப் பார்த்தாள். நாயின் வாய்க்குள் போய் வந்தும் அது தன் கதையை ஒரு எழுத்து விடாமல் வைத்திருந்தது. அதைப் படிக்க ஒரு மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் சாமி வரும்போதுகூட அவளுக்கு இப்படி ஆனதில்லை.

"இந்த வெயில் ஊரில பின்னின கம்பளி போடுறது ஆர்? துரை. அவர் புதன்கிழமையே சிங்கப்பூர் போயிட்டார். ஆபீஸ் கிராணி போடுறது பருத்தி. வேற ஆர்?"

அங்கம்மா மெதுவாகச் சொன்னாள்.

"தீவாளிக்குத் தொரை அவரோட பழைய சாம்பக் கலர் கம்பளி ஸ்டாக்கிங்க பெரிய கங்காணிக்குக் குடுத்தாரு. முட்டி வரைக்கும் வரும். அரைக்கால் சட்டையும் அதுவும் போட்டுக்கிட்டுத்தான் தெனம் பெரட்டுல ஆள் கணக்கெடுக்க வருவாரு. இன்னிக்கு விடியக்காலமும் போட்டிருந்தாரு, ஐயா. விளக்கு வெளிச்சத்துல பாத்தேன். ஆனா..."

"ஆனால் பதினோரு மணிக்கு வேட்டி."

"ஏழு மணிக்கு மேட்டு நிரைக்கு வந்து சத்தம் போடுவாரு. இன்னிக்கு வரவே இல்ல."

டிரசர் தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "முந்நூற்று இருபது காலைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தன். எனக்குப் பக்கத்தில நிண்ட ரெண்டு காலைப் பாக்கேல்லை! கங்காணியிட்டைக் காலைக் காட்டு எண்டு கேக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அந்த வழக்கத்துக்குள்ளதான் அவர் ஒளிச்சு நிண்டிருக்கிறார்."

பன்னிரண்டு முப்பத்தைந்து.

லயத்தைவிட்டுத் தள்ளி, கங்காணிக்குத் தனி வீடு. பூசைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நேரமில்லை, கங்காணியார்," என்றார் டிரசர். "உங்களை அந்த நாய் கடிச்சிருக்கு."

"யாருகிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசுங்க."

"தெரிஞ்சுதான் பேசிறன். வேட்டி கட்டினால், கூலியாட்களுக்கு முன்னால அதை மடிச்சுக் கட்டாமல் நிண்ட கங்காணியை இந்தத் தோட்டத்தில ஆரும் கண்டதில்லை. துரைக்கு முன்னால இறக்கி விடுவீங்கள். இண்டைக்குத் துரை இல்லை. அப்ப ஆருக்காக இறக்கினீங்கள்?"

கங்காணி எழுந்திருக்கப் பார்த்தார். முகம் சுளித்தது, திரும்ப உட்கார்ந்துவிட்டார். டிரசரால் அவர் காலைப் பிடித்து இழுக்கவா முடியும்? சுவரில் மாட்டிய கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது அங்கம்மா முன்னால் வந்தாள். பத்து வருடமாக அந்த மனிதர் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவள். அவர் தினம் போடும் அதட்டலையே எடுத்து, அதட்டாமல் சொன்னாள்.

"கங்காணியாரே, காலக் காட்டுங்க."

சபாபதியின் கை வேட்டியை மெல்ல மேலே இழுத்தது. முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பும் வெற்றிலையும் வைத்து இறுக்கிய கட்டு. வெள்ளைத் துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

"எல்லா நாயையும் அடிச்சேன்," என்றார். அந்தக் குரலா இது என்றிருந்தது அங்கம்மாவுக்கு. "இது ஒண்ண மட்டும் முடியல. கோயிலுக்குப் பின்னால கட்டி வச்சிருந்தேன். காலையில ஆறரைக்கு அவுக்கப் போனேன், பாஞ்சிருச்சு. தொரைகிட்ட பொய் சொன்னது தெரிஞ்சா வேலை போயிரும். இந்த வயசுல என்னையக் கப்பல்ல ஏத்திடுவாங்க."

அங்கம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் அவிழ்த்த நாய்தானே மேடேறி வந்து அவளைக் கடித்தது! ஆனால் டிரசர் காயத்தைக் கழுவிக்கொண்டே இன்னொரு கேள்வி கேட்டார். அதைக் கேட்டதும் அவள் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"ஏன் இது ஒண்டை மட்டும் அடிக்க முடியேல்லை? ஆருக்காக விட்டனீங்கள்?"

கங்காணியின் கண் உள் அறைப் பக்கம் போனது. கதவோரம் எட்டு வயது செல்வராணி நின்றிருந்தாள். தாயில்லாத பிள்ளை. லயத்துப் பிள்ளைகளோடு ஆயாக்கொட்டகைக்கு அனுப்பாமல் பொத்திப் பொத்தி வளர்க்கும் ஒரே மகள். அதனாலேயே அவளையும் யாரும் பார்க்கவில்லை.

"இஞ்ச வா, ராசாத்தி. நாய்க்குச் சோறு வைக்கிறது ஆர்?"

"நான்தான்."

"கையைக் காட்டு பாப்பம்."

அவள் நீட்டினாள். பெருவிரல் அடியில், பூனை கீறினாற்போல ஒரு சின்னக் கோடு. கோட்டின் முனையில் ஒரு புள்ளி.

"நேத்து விளையாடுறப்போ பல்லு பட்டுச்சு. அப்பாகிட்ட சொன்னா நாய அடிச்சிருவாரு. அதான் சொல்லல."

சபாபதி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரம் அவர் வேட்டியை இறக்கியபடியே உட்கார்ந்திருந்தால், ரயில் போயிருக்கும். அவருக்கும் அது புரிந்துவிட்டது.

"எழுதுங்க," என்றார் கடைசியில். "பொய் சொன்னது, நாய் வச்சிருந்தது, எல்லாத்தையும் எழுதுங்க. எம்புள்ள பேர முதல்ல எழுதுங்க."

ஒன்று முப்பத்தெட்டு.

ரெங்கம் ஸ்டேஷனில் கனகராஜ் காலி வண்டியோடு நின்றான். அங்கம்மா அவன் சட்டையைத் தூக்கி, முதுகைத் திருப்பி, காலைத் தடவி, ஒரு கீறலும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ரயிலேறினாள். "கம்பளி கொம்புல மாட்டிக்கிச்சுடி," என்று அவன் கத்தியது வண்டிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

நாலு டிக்கெட். டிரசரின் காலடியில் ஐஸ் பெட்டி. சட்டைப் பையில் அந்தச் சீசா. சிவசம்பு ஜன்னலோரம் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ரயில் குலுங்கும்போதெல்லாம் கண்ணாடி நழுவியது. இந்த மெலிந்த மனிதர் ஒரு நூலைப் பிடித்து இழுத்து இரண்டு உயிரை வெளியே கொண்டுவந்துவிட்டாரே என்று அங்கம்மா பார்த்த கண்ணை எடுக்கவில்லை. கும்பிட வேண்டும்போலிருந்தது. கும்பிட்டால் அவர் கூச்சப்படுவார் என்று சும்மா இருந்தாள்.

எதிர்ப் பலகையில் சபாபதி, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, டிரசர் போட்ட கட்டு எல்லாருக்கும் தெரிய உட்கார்ந்திருந்தார். வேலை இருக்குமா போகுமா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"ஊசி வலிக்குமா, அக்கா?" என்றாள் செல்வராணி.

"வலிக்கும்," என்றாள் அங்கம்மா. "பதினாலு நாளும் எனக்குத்தான் முதல்ல போடுவாங்க. நான் கத்தலன்னா நீயும் கத்தக் கூடாது."

பிள்ளை யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு அப்பாவைக் காட்டி, "அவரு கத்துவாரு," என்றாள்.

சபாபதி முகத்தை மூடிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கும் சேர்த்து அங்கேயே அழுது தீர்த்தார்.